கண்டி மலைநாடு: யாத்திரிகர் கற்க வேண்டிய பாடம்

விடுமுறை நாட்கள் நெருங்கும்போதெல்லாம் ராபர்ட்சன்பேட்டையிலும் மாரிக்குப்பத்திலும் வாழும் நம் உபாசகர்களிடையே யாத்திரைப் பேச்சு எழுவதுண்டு. புத்தகயை, சாரநாத், குசிநகர் முதலிய திருத்தலங்களைத் தரிசித்து மீண்ட அன்பர்கள், அடுத்து ஒரு பௌத்த மலைநாட்டைக் காண வேண்டுமென்று விரும்புகின்றனர். மலைநாட்டுப் பௌத்தம் என்றவுடன் பூட்டானும் சிக்கிமும் லடாக்கும் நினைவிற்கு வருதல் இயல்பே. அந்நாடுகளின் சிறப்பை நாம் குறைத்துக் கூற வரவில்லை. ஆயினும் அங்கு வழங்குவது வஜ்ரயான நெறி, மொழியும் சடங்கும் நமக்குப் புதியன, செலவும் பெரிது. நமக்கு அண்மையிலும் உறவிலும் உள்ள மலைநாடு கண்டியாகும். நம் முன்னோர் திரிசரணம் பெற்றது இலங்கையில். அவர்களுக்குப் பஞ்சசீலம் ஓதியவர் அம்மலைநாட்டின் சிகரத்திற்கே தலைவராக விளங்கிய மகாதேரர். இச்செய்தியைப் பின்னர் விரிப்போம்.

கண்டிக்குச் செல்வோர் பலர் கொழும்பில் ஒரு வாகனத்தையும் வழிகாட்டியையும் அமர்த்திக்கொண்டு இரண்டு மூன்று நாட்களில் சுற்றி முடிக்கின்றனர். தந்த தாது மாளிகை, பேராதனைத் தாவரத் தோட்டம், ஒரு தேயிலைத் தொழிற்சாலை, மாலையில் கண்டி நடனம், இடையிடையே வாசனைத் திரவியத் தோட்டமும் இரத்தினக்கல் கடையும் என்று அச்சுற்றுலா அமைந்திருக்கும். (கடைகளில் செலவிடும் நேரத்தை விகாரைகளில் செலவிடலாம் என்பது நம் தாழ்மையான கருத்து.) காண்பன யாவும் காணத்தக்கனவே. ஆனால் சாதியை விட்டுத் தம்மத்திற்கு வந்த நம்மவர் அம்மலைகளில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அவற்றை முன்னரே அறிந்து செல்லும்பொருட்டே இப்பாடம் எழுதப்படுகின்றது.

யாத்திரையை வேலூரிலிருந்து தொடங்குங்கள். நம் ஊரிலிருந்து வேங்கடகிரிக்கோட்டை, பேர்ணாம்பட்டு, குடியாத்தம் வழியாகச் சென்றால் காலையில் புறப்பட்டு மாலைக்குள் திரும்பிவிடலாம். அங்கே பாலாற்றங்கரையில் கண்டியின் கடைசி மன்னனாகிய ஸ்ரீ விக்கிரம ராஜசிங்கனின் கல்லறை உள்ளது. அதன்மேல் தமிழக அரசு 1990 ஆம் ஆண்டில் முத்துமண்டபம் எழுப்பியது. கண்ணுசாமி என்ற இயற்பெயருடைய இம்மன்னன் 1798 முதல் 1815 வரை ஆண்டான். 1815 மார்ச்சுத் திங்களில் கண்டிப் பிரதானிகள் ஆங்கிலேயரோடு உடன்படிக்கை செய்து நாட்டை ஒப்புவித்தனர். மன்னன் சென்னைக்குக் கப்பலேற்றப்பட்டு, வேலூர்க் கோட்டையில் சிறை வைக்கப்பட்டு, 1832 சனவரியில் இறந்தான்.

அவன் நல்லரசனல்லன் என்பதைக் கண்டியில் எவரும் கூறுவர். தன்னை எதிர்த்த எகலப்பொல அதிகாரத்தின் மனைவி மக்களை 1814 இல் கொல்வித்த கொடுமையை எந்த வழிகாட்டியும் சொல்லாமல் விடுவதில்லை. அவனைத் துதிப்பதற்காக நாம் வேலூர் செல்லவில்லை. ஒரு பௌத்த நாட்டின் அரியணையில் 1739 முதல் 1815 வரை எழுபத்தாறு ஆண்டுகள் வீற்றிருந்தவர்கள் தென்னிந்திய நாயக்கர் வழியினர் என்ற உண்மையை மனத்தில் பதித்துக்கொண்டு கப்பலோ விமானமோ ஏறுதல் நலம் என்பதற்காகவே கூறுகின்றோம். கண்டி மன்னர் மதுரையிலிருந்து பெண் கொள்வது வழக்கம். வீர நரேந்திர சிங்கன் அரசுரிமைக்குரிய மகவின்றி 1739 இல் மறைந்தபோது, பட்டத்து அரசியின் உடன்பிறந்தான் அரசனானான். அவனுக்குப் பின் மூவர். இந்நால்வருள் சிறந்தவன் 1747 முதல் 1782 வரை ஆண்ட கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஆவான். கண்டியில் நாம் காணும் விகாரைகளுள் பெரும்பாலானவற்றில் அவன் கை பட்டிருக்கின்றது.

கொழும்புக் கோட்டை நிலையத்தில் இரயிலேறினால் கடுகண்ணாவைக் கணவாயின் வழியாகக் கண்டியை அடையலாம். மலைநாடு என்ற பெயரைக் கேட்டுப் பெருங்குளிரை எதிர்பார்ப்போர் ஏமாறுவர். கண்டி கடல் மட்டத்திற்குமேல் ஏறத்தாழ 500 மீட்டர் உயரத்தில் உள்ளது. நம் தங்கவயல் அதனினும் உயர்ந்தது! குளிர் வேண்டுவோர் நுவரெலியா வரை செல்ல வேண்டும்.

ஏரிக்கரையில் நிற்பது தலதா மாளிகை. பகவானின் தந்த தாது கலிங்க நாட்டிலிருந்து நான்காம் நூற்றாண்டில் இலங்கைக்கு வந்ததென்பது மரபு. தலைநகர் மாறியபோதெல்லாம் தாதுவும் உடன் சென்றது. அதனைக் காப்பவனே அரசன் என்று மக்கள் கருதினர். உள்ளே காலை, முற்பகல், மாலை என மூன்று வேளை ஆராதனை நிகழும். முரசொலிக்கு இடையே கதவு திறக்க, யாத்திரிகர் காண்பது பொற்பேழையையேயன்றித் தாதுவை அன்று. வெண்ணிற உடையும் தாமரையோ அல்லியோ ஏந்திய கையுமாகச் செல்வது அங்குள்ள முறை. வாயிலில் கடுமையான சோதனை உண்டு. 1998 சனவரி 25 இல் விடுதலைப் புலிகளின் குண்டு வாகனம் இம்மாளிகையைச் சிதைத்ததையும், வழிபட வந்தோர் உயிரிழந்ததையும் நினைத்துக்கொண்டால், தமிழ் பேசும் யாத்திரிகர் அச்சோதனையில் பொறுமை இழக்கமாட்டார்.

தாது வழிபாட்டைப் பற்றி நம்மிடையே இரு கருத்துக்கள் உள்ளன. பேராசிரியர் இலட்சுமி நரசு போன்ற பெரியோர் வழியில் பகுத்தறிவையே தம்மத்தின் உயிராகக் கொள்வோர், பல்லை வணங்குதல் என்ன பௌத்தம் என்று வினவுவர். இவ்வினா தவறன்று. ஆனால் மலரைப் பீடத்தில் வைக்கும் சிங்கள மூதாட்டி அங்கு வரம் எதுவும் கேட்பதில்லை. இம்மலர் வாடுவதுபோல் இவ்வுடலும் வாடும் என்னும் பொருளுடைய பாலி வாசகத்தையே முணுமுணுக்கின்றாள். அதனைச் சற்று நின்று கேட்டபின் நம் வாதத்தைத் தொடரலாம்.

மாளிகையை அடுத்து நாத, விஷ்ணு, பத்தினி தேவாலயங்கள் உள்ளன. கதிர்காம தேவாலயம் சற்று அப்பால் நகரத் தெருவில் உள்ளது. பத்தினித் தெய்வம் நம் கண்ணகியே. ஆண்டுதோறும் நிகழும் எசல பெரகராவில் இந்நான்கு தேவாலயங்களின் ஊர்வலங்களுக்கு முன்னே தாதுப்பேழை யானைமீது செல்லும் வழக்கத்தை ஏற்படுத்தியவன் கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கனே.

இனி இப்பாடத்தின் நடுவான பகுதிக்கு வருவோம். ஏரியின் மறுகரையில் உள்ளது மல்வத்தை மகாவிகாரை. பெரும்பாலான சுற்றுலாக்காரர் இதனைத் தொலைவிலிருந்து பார்ப்பதோடு நிறுத்திக்கொள்கின்றனர். நாம் அவ்வாறு செய்தலாகாது.

பதினெட்டாம் நூற்றாண்டின் முற்பகுதியில் இலங்கை முழுவதிலும் உபசம்பதை பெற்ற பிக்ஷு ஒருவர்கூட இல்லை. சங்கத்தில் ஒருவரைச் சேர்ப்பதற்கு உபசம்பதை பெற்ற பிக்ஷுக்களின் கூட்டம் தேவை. அது இல்லாதபோது பரம்பரை அறுந்துபோகின்றது. பெயரளவில் துறவிகளாயிருந்தோர் விகாரை நிலங்களை அனுபவித்துக்கொண்டு குடும்பத்தோடு வாழ்ந்தனர். வெலிவிட்ட சரணங்கரர் என்னும் சாமணேரர் இந்நிலையைக் கண்டு வருந்தி, பாலி கற்று, பிறருக்கும் கற்பித்து, அயல்நாட்டிலிருந்து பிக்ஷுக்களை அழைப்பிக்குமாறு மன்னர்களை வேண்டிவந்தார். கீர்த்தி ஸ்ரீ ராஜசிங்கன் ஒல்லாந்தரின் கப்பலைப் பெற்றுச் சயாம் நாட்டிற்குத் தூது அனுப்பினான். அயோத்தியா நகரிலிருந்து உபாலி மகாதேரர் தலைமையில் பிக்ஷுக்கள் வந்தனர். 1753 இல் கண்டியில் உபசம்பதை மீண்டும் நிலைநாட்டப்பட்டது. சயாம் நிகாயம் என்று பெயர் பெற்ற அச்சங்கத்தின் தலைமை இடங்களே மல்வத்தையும் அஸ்கிரியும் ஆகும். அறுந்த நூலை மீண்டும் முடிந்தவன் மதுரை வழியில் வந்த ஓர் அரசன் என்பது நமக்குப் பெருமை தரும் செய்தி. அவன் நன்றி பெற்றானா என்றால், 1760 இல் பிரதானிகள் சிலரும் பிக்ஷுக்கள் சிலரும் கூடி அவனைக் கொல்லச் சதி செய்தனர். அவன் திருநீறு பூசுபவன், அயலான் என்பது அவர்கள் கூறிய குறைகளுள் ஒன்று. சதி வெளிப்பட்டது. மன்னன் பிழைத்தான், பின்னும் விகாரைகளைக் கட்டினான்.

பெருமையை இங்கேயே நிறுத்திக்கொண்டால் நாம் பாதிப் பாடத்தையே கற்றவர்களாவோம். உபசம்பதை மீண்ட சில ஆண்டுகளுக்குள்ளேயே, கொவிகம என்னும் வேளாண் சாதியினருக்கு மட்டுமே அதனை அளிப்பதென்ற வரம்பு கண்டியில் விதிக்கப்பட்டது. கரையோரத்துச் சலாகமர், கரையார், துராவர் முதலியோர் எத்துணைச் சீலமும் கல்வியும் உடையவராயினும் மல்வத்தையின் சீமைக்குள் உபசம்பதை பெற இயலாதவராயினர். ஏன் என்று வினவினால், அரசாணை, வழக்கம் என்பனவே விடை.

விநயம் என்ன கூறுகின்றது? உபசம்பதை வேண்டி நிற்பவனிடம் சங்கம் கேட்கும் கேள்விகள் வரையறுக்கப்பட்டவை. உனக்குத் தொழுநோய் முதலிய நோய்கள் உண்டா? நீ மானிடனா? ஆணா? அடிமையல்லாதவனா? கடன் இல்லாதவனா? அரசப் பணியில் கட்டுண்டவனா? பெற்றோர் இசைவு தந்தனரா? இருபது வயது நிரம்பியதா? பாத்திரமும் சீவரமும் உள்ளனவா? உன் பெயர் என்ன, உன் உபாத்தியாயர் பெயர் என்ன? இவ்வளவே. நீ எக்குலத்தவன் என்ற கேள்வி அவ்வரிசையில் இல்லை. பகவானின் காலத்திலேயே சாக்கிய இளவரசர்கள் துறவு பூண வந்தபோது, தம் செருக்கு அழியும்பொருட்டு, தங்களுக்கு முடிதிருத்தியவராகிய உபாலியை முதலில் சங்கத்தில் சேர்க்குமாறு வேண்டி, பின்னர் அவரை வணங்கினர். அந்த உபாலியே விநயத்தை ஓதுவதில் முதல்வராக, முதற் சங்கீதியில் அதனை உரைத்தவர். குப்பை அள்ளிய சுனீதர் தேரகாதையில் இடம் பெற்றார்.

சயாமிலிருந்து வந்து கண்டியில் உபசம்பதையை நிலைநாட்டிய மகாதேரரின் பெயரும் உபாலி என்பதை அன்பர்கள் கவனிக்க. முடிதிருத்துபவரின் பெயரைத் தாங்கி வந்தவரால் திறக்கப்பட்ட கதவு, அவரது காலத்தை அடுத்தே குலத்தின் பெயரால் பாதி சாத்தப்பட்டது.

சாத்தப்பட்ட கதவின் முன் மற்றவர்கள் அழுதுகொண்டு நிற்கவில்லை. சலாகம குலத்து அம்பகபிட்டியே ஞானவிமலர் சீடர்களுடன் பர்மாவின் அமரபுரத்திற்குக் கடல் கடந்து சென்று உபசம்பதை பெற்று 1803 இல் மீண்டார். அமரபுர நிகாயம் அவ்வாறு பிறந்தது. 1864 இல் இராமஞ்ஞ நிகாயம் தோன்றியது. பிற்காலத்தில் அமரபுரத்திற்குள்ளும் குலத்தின்படி கிளைகள் பிரிந்தன என்பதையும் மறைக்க வேண்டியதில்லை. மல்வத்தையிலும் அஸ்கிரியிலும் பழைய வழக்கம் இன்றும் முற்றும் அற்றுவிடவில்லை.

அங்ஙனமாயின் அவ்விகாரைக்கு நாம் ஏன் செல்ல வேண்டும் என்று இளைஞர் கேட்கக்கூடும். விடை நம் சங்கத்தின் வரலாற்றிலேயே உள்ளது. 1898 இல் அயோத்திதாசப் பண்டிதர் கர்னல் ஆல்காட்டின் துணையோடு கொழும்பு சென்று, மாளிகாகந்தை வித்தியோதயப் பிரிவேனாவின் தலைவரான ஹிக்கடுவை ஸ்ரீ சுமங்கல நாயக்க தேரரிடம் பஞ்சசீலம் பெற்றார். அதன்பின் சென்னையில் சாக்கிய பௌத்த சங்கம் எழுந்தது. அதன் கிளைகள் மாரிக்குப்பத்திலும் சாம்பியன் ரீஃப்ஸிலும் வேர்விட்டன. சுமங்கலர் சயாம் நிகாயத்தைச் சேர்ந்தவரே. தீண்டத்தகாதார் என்று ஊரார் ஒதுக்கிய தமிழருக்குத் திரிசரணம் அளிக்க அவர் தயங்கவில்லை. ஒரே நிகாயத்தில் பூட்டிய கதவும் உண்டு, திறந்த கையும் உண்டு. ஆதலால் மல்வத்தைக்குச் செல்லுங்கள். மூத்த பிக்ஷுவைப் பணிந்து, மேற்கூறிய கேள்வியை மரியாதையோடு கேளுங்கள். நாயக்கர் காலத்து வழக்கம் வேறு, புத்தவசனம் வேறு என்று எடுத்துரைக்கும் பிக்ஷுக்கள் அங்கே இல்லாமலில்லை.

1950 மே மாதம் உலக பௌத்தர் மாநாட்டிற்காக இலங்கை சென்ற பாபாசாகேப் அம்பேத்கர், கொழும்பில் பேசியபோது அந்நாட்டின் ஒடுக்கப்பட்ட மக்களைப் பௌத்தம் தழுவுமாறு அழைத்தார். நாக்பூர் தீட்சைக்கு ஆறு ஆண்டுகள் முன்னர் நிகழ்ந்தது அது.

மறுநாளைக் கண்டிக்கு மேற்கேயுள்ள மூன்று கோயில்களுக்கு ஒதுக்கலாம். கடலாதெனியா விகாரை 1344 இல் நான்காம் புவனேகபாகு காலத்தில் கருங்கல்லால் எழுப்பப்பட்டது. அதனைச் சமைத்த சிற்பி கணேசுவராசாரி தென்னிந்தியர். தூண்களையும் சிகரத்தையும் பார்த்தாலே நம் நாட்டுக் கோயிலொன்றின் முன் நிற்பதாகத் தோன்றும். அங்கிருந்து சிறிது தொலைவில் உள்ள இலங்காதிலகம் அதே காலத்தது. அங்குள்ள பாறைக் கல்வெட்டு சிங்களத்திலும் தமிழிலும் பொறிக்கப்பட்டுள்ளது. விகாரைக்கு விடப்பட்ட நிலங்களையும் கொடைகளையும் கூறும் அத்தமிழ் வரிகளின்முன் நின்று படிக்க முயலுங்கள்; எழுத்துப் பழகியவர்கள் சில சொற்களையேனும் இனங்காண்பர். எம்பெக்கே தேவாலயத்தின் மரத்தூண்கள் புகழ்பெற்றவை. நேரம் மிகுந்தால் காண்க.

கண்டிக்கு வடக்கே மாத்தளையைக் கடந்தவுடன் அலுவிகாரை. பாறைப் பிளவுகளுக்கிடையே அமைந்த இச்சிறு குகைகளிலேதான், அதுவரை வாய்மொழியாக ஓதப்பட்டுவந்த திரிபிடகம் கி.மு. முதல் நூற்றாண்டில் வட்டகாமணி அபயன் காலத்தில் ஓலையில் எழுதப்பட்டதென்பது மரபு. எழுத்தாணியால் ஓலையில் கீறி, கரிமை பூசித் துடைத்து எழுத்தைத் தெளிவிக்கும் முறையை இன்றும் செய்து காட்டுகின்றனர். நம் பாட்டனார் காலத்து ஏட்டுச் சுவடிகளைக் கண்டவர்களுக்கு அது புதிதன்று.

இங்கே வழிகாட்டி ஒன்று கூறக்கூடும்: தமிழர் படையெடுப்பும் கொடும்பஞ்சமும் வந்தமையால் பிக்ஷுக்கள் மடிந்தனர், தம்மம் அழியும் என்று அஞ்சியே எழுதி வைத்தனர் என்று. மகாவம்சத்தில் ஏழு தமிழர் படையெடுத்த செய்தி உள்ளது. ஆதலின் கோபம் கொள்ள வேண்டாம்; மறுக்கவும் வேண்டாம். அக்குகைகளுள் ஒன்றில் புத்தகோசரின் திருவுருவம் உள்ளது. அதனைக் காட்டி, பாலி உரைகளை எழுதிய அவ்வாசிரியர் காஞ்சியில் தங்கியிருந்ததைத் தம் நூலிலேயே குறிப்பிடுகின்றார் என்று சொல்லுங்கள். அபிதம்மாவதாரம் இயற்றிய புத்ததத்தர் உறையூரினர். காவிரி நாட்டில் இருந்துகொண்டு எழுதியவர். இலங்கைப் பிக்ஷுக்கள் இன்றளவும் ஓதும் உரைநூல்களில் தமிழ்நாட்டு விகாரைகளின் விளக்கொளி படிந்திருக்கின்றது. இதனைக் கேட்டு வியப்புறும் வழிகாட்டிகளும் உண்டு.

இறுதியாக, இரயிலில் ஹட்டன் வரை சென்று, மஸ்கெலியா வழியாக ஸ்ரீ பாத மலையை அடையுங்கள். 2,243 மீட்டர் உயரமுள்ள இச்சிகரத்தில் உள்ள அடிச்சுவட்டைப் பௌத்தர் புத்தபாதம் என்பர். சைவர் சிவனொளிபாதம் என்பர். இசுலாமியர் ஆதம் நபியின் சுவடு என்பர். நம் மணிமேகலைக் காப்பியமும் இம்மலையைச் சமனொளி என்று பெயர் சுட்டிப் போற்றுகின்றது. 1866 இல் இச்சிகரத்தின் தலைமைத் தேரராகத் தெரிந்தெடுக்கப்பட்டவரே முன் கூறிய சுமங்கலர். தங்கவயலில் நாம் ஓதும் பஞ்சசீலம் இம்மலையின் காவலரது வாயிலிருந்து வந்தது என்று எண்ணிக்கொண்டு ஏறுதல், கால்வலிக்கு ஒரு மருந்து! மார்கழிப் பௌர்ணமி தொடங்கி வைகாசிப் பௌர்ணமி வரையே யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் மழையும் காற்றும் மிகுதி. நள்ளிரவில் ஏறத் தொடங்கினால் விடியலில் உச்சியை அடையலாம். சூரியன் எழும்போது மலையின் நிழல் முக்கோண வடிவில் மேற்கே மூடுபனியின்மேல் விழும். உச்சியில் உள்ள மணியை, எத்தனையாவது முறை ஏறினோமோ அத்தனை முறை அடிப்பது வழக்கம். முதன்முறை செல்வோர் ஒரு முறை அடித்தால் போதும்.

மலையின் அடிவாரத்து ஊருக்கு நல்லதண்ணி என்று பெயர். தமிழ்ப் பெயர் எங்ஙனம் வந்ததென்று வியக்க வேண்டா. ஹட்டனிலிருந்து அங்குவரை சாலையின் இருபுறமும் தேயிலைத் தோட்டங்கள். கொழுந்து பறிப்போர் தமிழர். முதலில் காப்பித் தோட்டங்களுக்காகவும், 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துறையில் தேயிலை பயிரிட்டபின் தேயிலைக்காகவும், கங்காணிகள் இவர்களின் முன்னோரை அழைத்துச் சென்றனர். மன்னாரிலிருந்து மாத்தளைவரை காட்டு வழியே நடந்தபோது காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் இறந்தவர் மிகப் பலர். நாட்டை வளப்படுத்தியபின், 1948 ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் இவர்களுள் பெரும்பாலோரை நாடற்றவராக்கியது. 1964 இல் சிறிமாவோவும் சாஸ்திரியும் செய்த ஒப்பந்தம் 5,25,000 பேரை இந்தியாவுக்கும் 3,00,000 பேரை இலங்கைக்கும் என்று பங்கிட்டது. மிஞ்சிய 1,50,000 பேர் 1974 வரை காத்திருந்து மீண்டும் பாதியாகப் பங்கிடப்பட்டனர். எஞ்சியோருக்குக் குடியுரிமை அளிக்கும் சட்டம் 2003 இல்தான் வந்தது.

அவர்கள் வாழும் வரிசை வீடுகளுக்கு அங்கே லயம் என்று பெயர். நம் சுரங்கங்களில் வேலை செய்தோரின் குடியிருப்புகளை நாம் லைன் என்று அழைப்பது போன்றதே இதுவும். ஒரே ஆங்கிலச் சொல், ஒரே அளவான அறை, ஒரே தகரக் கூரை. வட ஆர்க்காடும் சேலமும் தங்கவயலுக்கும் ஆள் கொடுத்தன, தேயிலைக்கும் ஆள் கொடுத்தன. ஒரே தெருவிலிருந்து அண்ணன் மேற்கே சுரங்கத்திற்கும் தம்பி தெற்கே தோட்டத்திற்கும் சென்ற குடும்பங்கள் இருந்திருக்கக்கூடும். நம் சுரங்கங்கள் 2001 பிப்ரவரி 28 இல் மூடப்பட்டன. அவர்கள் இன்னும் மலைச்சரிவில் கூடையோடு நிற்கின்றனர்.

தேயிலைத் தொழிற்சாலையில் இலை உலர்த்தும் இயந்திரத்தைக் காட்டும் வழிகாட்டி, லயத்தின் பக்கம் வாகனத்தைத் திருப்புவது அரிது. ஸ்ரீ பாதத்திலிருந்து இறங்கியபின் அரைநாள் மீதியிருக்கும். நல்லதண்ணியிலேயே வாகனத்தை நிறுத்தச் சொல்லிவிட்டு நடந்து செல்லுங்கள். ஞாயிற்றுக்கிழமையாயின் வீட்டில் பெரியவர்கள் இருப்பர். நீங்கள் தமிழில் பேசியவுடன் திண்ணையில் அமரச் சொல்லி, தேநீர் கொடுத்து, அவர்களே முதலில் கேட்பர்: நீங்கள் எந்த ஊர் என்று. ராபர்ட்சன்பேட்டை என்று சொன்னால் விளங்காமல் போகலாம். குடியாத்தம், ஆம்பூர், திருப்பத்தூர் என்று உங்கள் பாட்டனார் புறப்பட்ட ஊரின் பெயரைச் சொல்லிப் பாருங்கள்.